செகண்ட் ஹேண்ட் ஸ்பீக்கரில் ஒரு பக்கம் மட்டும் சொதப்புதா? காசு செலவழிக்கும் முன் இந்த 2 நிமிட டெஸ்ட்!

சென்னை ரிச்சி தெருவில் ரூ.6,000 கொடுத்து ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர் வாங்கினேன். கடை இரைச்சலில் நன்றாகத்தான் பாடியது. வீட்டுக்கு வந்து அப்பாவின் ஸ்டீரியோ ஆம்ப்பில் மாட்டினால், இடது பக்கம் மட்டும் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல இருந்தது. தபேலா கேட்குது, ஜால்ரா கேட்கவில்லை.

கடைக்காரர் கொடுத்தது 2 நாள் செக்கிங் டைம். போன் செய்தால், "எங்ககிட்ட நல்லா பாடுச்சே, உங்க ஆம்ப்ல ஒரு சேனல் போயிருக்கும்" என்றார். அப்பாவோ, "ஆம்ப் மேல பழி போடாதே, இத்தனை வருஷமா பாடுது" என்றார்.

யார் சொல்வது சரி? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் புது ஆம்ப் வாங்கினாலும் நஷ்டம், ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டாலும் நஷ்டம். விடை கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை.

முதலில் போனைப் பாருங்க

போனில் இருந்து பாட்டு போடுபவர்கள், செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் இருக்கும் ஆடியோ பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்ப்பில் உள்ள பேலன்ஸ் குமிழையும் நடுவில் வையுங்கள். பல நேரம் பிரச்னை இங்கேயே முடிந்துவிடும்.

இடம் மாற்றினால் குட்டு வெளிப்படும்

ஆம்ப்பை ஆஃப் செய்யுங்கள். ஆம்ப்பின் பின்பக்கம் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டி, அதே பாட்டைப் போடுங்கள்.

* அதே ஸ்பீக்கர்தான் இன்னமும் மந்தமாக இருந்தால், குறை ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. ஆம்ப் நிரபராதி.
* இதுவரை நன்றாகப் பாடிய ஸ்பீக்கர் இப்போது மந்தமானால், குறை ஆம்ப்பிலோ, அதற்கு முன்னால் உள்ள கேபிள் அல்லது பிளேயரிலோ இருக்கிறது. ஆம்ப்புக்குள் வரும் சிவப்பு, வெள்ளை கேபிள்களையும் இதேபோல மாற்றிப் பாருங்கள். குறை மறுபடி பக்கம் மாறினால் கேபிள் அல்லது பிளேயர், மாறாவிட்டால் ஆம்ப்.

என் வீட்டில் குறை ஸ்பீக்கரோடு சேர்ந்தே நகர்ந்தது. நல்ல ஸ்பீக்கரின் ஒயரை அதில் மாட்டியும் மாற்றமில்லை. அப்பா சொன்னதுதான் சரி!

ஒரு எச்சரிக்கை: ஆம்ப் ஓடும்போது ஒயரைத் தொடாதீர்கள். பிளஸ், மைனஸ் ஒயர்கள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆனால், நல்ல ஆம்ப்பும் போய்விடும். ஆம்ப் மூடியையும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லலாம்

பேஸ் மெலிந்து, பாடகர் குரல் நடுவில் நிற்காமல் சிதறுகிறதா? ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். ஒன்றின் கோன் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போவதால் பேஸ் அடிபட்டுப் போகிறது. ஒயரைத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும்.

கரகரவென்று வருகிறதா? ஊஃபரின் கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து, சமமாக, மெதுவாக அமுக்குங்கள். உள்ளே உரசும் சத்தம் வந்தால் வாய்ஸ் காயில் இடம் பெயர்ந்திருக்கிறது. கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தையும் பாருங்கள். வருடங்கள் ஓடினால் ஃபோம் மக்கி உதிரும். புது வளையம் ஒட்டிக்கொள்ளலாம்.

மந்தமாக, தெளிவில்லாமல் இருக்கிறதா? சந்தேகம் மேலே இருக்கும் குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டர் மீது. ஒரு பேப்பரைக் குழல்போலச் சுருட்டி, வால்யூமைக் குறைத்து, ட்வீட்டருக்கு நேராக வைத்துக் கேளுங்கள். என்னுடையதில் நிசப்தம்.

மல்டிமீட்டர் ஏமாற்றும் இடம்

ஸ்பீக்கரை ஆம்ப்பில் இருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பின்பக்க முனைகளில் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் சுமார் 6 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.5 வரை.

என் ஸ்பீக்கர் 6.4 காட்டியது. அப்போ எல்லாம் ஓகேவா? இல்லை. ட்வீட்டருக்கு முன்னால் கிராஸ்ஓவரில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். மீட்டரின் டிசி கரன்ட் அதைத் தாண்டாது. அதனால் வெளியில் இருந்து அளந்தால் ஊஃபர் மட்டுமே தெரியும். ட்வீட்டரைத் திருகு கழற்றி வெளியே எடுத்து, அதன் ஒரு ஒயரையாவது விடுவித்து, நேராக அளக்க வேண்டும்.

அளந்தேன். முள்ளே அசையவில்லை. உள்ளே காயில் எரிந்து அறுந்திருந்தது.

ட்வீட்டரில் நல்ல அளவு காட்டியும் சத்தம் இல்லை என்றால், கெபாசிட்டரைப் பாருங்கள். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக வோல்ட், முக்கியமாக பிளஸ், மைனஸ் இல்லாத பைபோலார் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

ட்வீட்டர் ஏன் எரிகிறது?

சின்ன ஆம்ப்பை முழு வால்யூமில் வைப்பது ஒரு முக்கியக் காரணம். ஆம்ப் சக்திக்கு மீறித் திணறும்போது ஒலி அலையின் முனைகள் வெட்டுப்படும். அதில் பிறக்கும் கூடுதல் அதிர்வெண்கள் நேராக ட்வீட்டருக்குப் போய், முடிபோல மெல்லிய அதன் காயிலைச் சுட்டுவிடும். சத்தம் உடைந்து கேட்க ஆரம்பித்தால் உடனே குறையுங்கள்.

கடைசியில் என்ன ஆனது?

ஒயரை மாற்றிப் போட்டதையும், மீட்டர் ரீடிங்கையும் வீடியோ எடுத்து செக்கிங் டைமுக்குள் கடைக்காரருக்கு அனுப்பினேன். அதற்கு மேல் அவர் வாதாடவில்லை; "கொண்டு வாங்க" என்றார். வேறு மாடலில் ஒரு ட்வீட்டர் மட்டும் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாடாது என்பதால், இரண்டிலும் ஒரே ட்வீட்டரை மாற்றிக் கேட்டேன். மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த முறை வாங்கும்போது கடையிலேயே ஒரு ஸ்பீக்கரை மட்டும் தனியாகப் பாடவிட்டு, ட்வீட்டர் பக்கம் காதைக் கொண்டுபோங்கள். பிறகு மற்றதை. காசு கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய டெஸ்ட் அது.