விடைத்தாளைத் திருத்துபவர் யார்?

1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் கொழும்பு வீதிகளில் இறங்கிய காடையர் பலரின் கைகளிலே வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த இலக்க வீட்டில் தமிழர் வசிக்கின்றனர் என்பதை அந்தத் தாள்களே காட்டிக்கொடுத்தன. வாக்குரிமையை நிலைநாட்டுவதற்கெனத் தயாரிக்கப்பட்ட பட்டியல், வீடுகளை எரிப்பதற்கு வழிகாட்டியாயிற்று. அந்த நினைவைச் சுமந்துகொண்டு அந்நிய மண்ணில் குடியேறியவர்கள் நாம். மக்களைப் பற்றிய விபரங்கள் யாரிடம் இருக்கின்றன, அவை எதற்குப் பயன்படுகின்றன என்ற வினா எமக்குப் புதியதன்று.

இன்று அதே வினாவைச் சமூக ஊடக நிறுவனங்களை நோக்கி எழுப்பவேண்டியுள்ளது. பெயரையும் ஊரையும் மட்டுமன்றி, எமது விருப்பு வெறுப்புகளையும் அச்சங்களையும் நட்புறவுகளையும் அவை அறிந்துவைத்துள்ளன. அந்த அறிவைக் கொண்டு விளம்பரம் விற்பதே அவற்றின் வாணிபம். சவர்க்காரம் விற்க உதவும் அதே கருவி, வேட்பாளரை விற்பதற்கும் உதவுகின்றது.

நாம் வாழும் கனடாவோடு தொடர்புடைய ஒரு நிகழ்வை நோக்குவோம். பேஸ்புக் வழியாக ஒருவரின் ஆளுமையை அளவிடுவதாகக் கூறிய வினாக்கொத்துச் செயலி ஒன்று முன்னர் உலவியது. கனடாவில் அதனைப் பயன்படுத்தியோர் 272 பேர் மட்டுமே. ஆயினும், அதனைப் பயன்படுத்தியோரின் நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால், 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட கனடியரின் விபரங்கள் அச்செயலியை ஆக்கியவரின் கைக்கு எட்டும் நிலை உருவாயிற்று. உலகம் முழுவதும் இவ்வாறு பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 8 கோடி 70 இலட்சம் பேர் வரை என்று பேஸ்புக் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. திரட்டப்பட்டவற்றுள் ஒரு பகுதி கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்னும் பிரித்தானிய நிறுவனத்தைச் சென்றடைந்தது. 2016 ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் தரப்பிற்காகப் பணியாற்றிய நிறுவனம் அது.

இதில் எம்மை அதிரவைக்கவேண்டியது வேறொன்று. விபரங்கள் கைமாறிய செய்தி 2015 ஆம் ஆண்டு மார்கழியிலேயே பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. பேஸ்புக் செய்ததென்ன? விபரங்களை அழித்துவிட்டோம் என்று எழுத்தில் உறுதி தருமாறு சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டது. கிடைத்த உறுதிமொழியை நம்பியது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு எதனையும் அறிவிக்கவில்லை. 2018 ஆம் ஆண்டு பங்குனியில் விடயம் மீண்டும் வெடித்த பின்னரே உலகம் விழித்துக்கொண்டது.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், பொதுப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும் முறையை எண்ணி நான் வியந்ததுண்டு. தாளில் மாணவனின் பெயர் இராது. சுட்டெண் மட்டுமே இருக்கும். ஊரறியாத ஓர் ஆசிரியர் அதனைத் திருத்துவார். மாணவன் கெட்டவன் என்பதால் அன்று, எவருமே தமக்குத் தாமே புள்ளியிடலாகாது என்பதால் ஏற்பட்ட ஒழுங்கு அது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விதித்த இந்த ஒழுங்கை, கோடிக்கணக்கான வாக்காளரின் கண்களுக்கும் காதுகளுக்கும் அதிபதிகளாகிவிட்ட நிறுவனங்களுக்கு நாம் விதிக்கவில்லை.

தண்டனைகள் வழங்கப்படவில்லையா என்று வாசகர்கள் வினவலாம். வழங்கப்பட்டன. பிரித்தானியா 2018 இல் 5 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. அன்றைய சட்டம் அனுமதித்த அதியுயர் தொகை அதுவே. அமெரிக்கா 2019 இல் 500 கோடி டொலர் விதித்தது. பெருந்தொகைதான், எனினும், 2018 இல் அந்நிறுவனம் ஈட்டிய வருமானம் 5,500 கோடி டொலருக்கும் அதிகம். ஏறக்குறைய ஒரு மாத வருமானத்தோடு கணக்குத் தீர்ந்தது.

கனடாவின் கதையோ இன்னும் வேதனையானது. சட்டம் மீறப்பட்டதாக 2019 இல் தனியுரிமை ஆணையாளர் அறிக்கை வெளியிட்டார். நிறுவனம் அதனை ஏற்க மறுத்தது. தண்டம் விதிக்கும் அதிகாரம் ஆணையாளருக்கு இல்லை. அதே ஆண்டு வைகாசியில் ஒட்டாவாவில் பல நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒன்றுகூடியபோது, அழைப்பாணை விடுக்கப்பட்டும் நிறுவனத் தலைவர் மார்க் ஸக்கர்பேர்க் சமுகமளிக்கவில்லை. ஆணையாளர் தொடுத்த வழக்கு 2023 இல் தள்ளுபடியாகி, 2024 புரட்டாதியிலேயே சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. இதற்கிடையில் இரு பொதுத்தேர்தல்கள் நடந்து முடிந்துவிட்டன.

அந்த விளம்பரங்கள் தேர்தல் முடிவை உண்மையில் மாற்றினவா? அது நிறுவப்படவில்லை. கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா தன் ஆற்றலை மிகைப்படுத்திக் கூறியது என்போரும் உளர். ஆனால், எமது முறைப்பாடே அதுதான். யாருக்கு எது காட்டப்பட்டது, எத்தனை முறை காட்டப்பட்டது, யார் பணம் கொடுத்தார் என்ற சான்றுகள் நிறுவனங்களின் பூட்டிய அறைகளில் உள்ளன. ஆய்வாளரும் செய்தியாளரும் பயன்படுத்திவந்த கிரவுட்ராங்கிள் என்னும் கருவியைக்கூட, அமெரிக்கத் தேர்தலுக்கு மூன்று மாதங்கள் இருக்கையில், 2024 ஆவணியில் மெற்றா நிறுவனம் மூடிவிட்டது.

பொறுப்புக்கூறல் தாமதமானால் தண்டனை யார் மீது விழும் என்பதற்கு ருமேனியா சாட்சி. 2024 கார்த்திகை 24 ஆம் நாள் நடந்த அரசதலைவர் தேர்தலின் முதற்சுற்றில், கருத்துக்கணிப்புகள் பொருட்படுத்தாத கலின் ஜோர்ஜெஸ்கு முதலிடம் பெற்றார். டிக்டொக் வழியான பிரசாரமும் வெளிநாட்டுத் தலையீட்டு ஐயங்களும் எழுந்தன. மார்கழி 6 ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தலையே இரத்துச் செய்தது. அதன் பின்னரே ஐரோப்பிய ஆணைக்குழு டிக்டொக் மீது முறைப்படி விசாரணை தொடங்கியது. அதற்குள் வாக்களித்த மக்கள் தம் வாக்கை இழந்துவிட்டனர்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம் ஓரளவு நம்பிக்கை தருகின்றது. 4 கோடி 50 இலட்சம் பாவனையாளரைக் கொண்ட தளங்கள் ஆண்டுதோறும் வெளியார் கணக்காய்வுக்கு உட்படவேண்டும். விளம்பரப் பதிவேட்டைத் திறந்து வைக்கவேண்டும். தகுதிபெற்ற ஆய்வாளருக்குத் தரவுகளை வழங்கவேண்டும். தவறின் உலகளாவிய வருமானத்தில் 6 வீதம் வரை தண்டம். கனடாவும் 2018 இல் நிறைவேற்றிய சட்டத்தின்மூலம் பெருந்தளங்களுக்குத் தேர்தல் விளம்பரப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால், விளம்பரமல்லாத பதிவுகளுள் எதனை எமக்கு முன்னால் தள்ளுவது என்பதை நிறுவனமே தீர்மானிக்கின்றது. பதிவேடு அங்கே எட்டுவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒழுங்குபடுத்தல் என்ற பெயரில் அரசுகள் வாய்களை அடைக்க முனைவதை நாம் நன்கறிவோம். 2024 இல் இலங்கை நடைமுறைப்படுத்திய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என முடிவுசெய்யும் அதிகாரத்தை அரசதலைவர் நியமிக்கும் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. நாம் வேண்டுவது அதுவன்று. பேசுபவனின் வாயை அடைப்பது வேறு. பேச்சை விலைக்கு விற்பவனின் கணக்கைப் பார்ப்பது வேறு.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு எம் வாசலுக்கு வருவோரிடம், குடிவரவு பற்றியும் வரி பற்றியும் கேட்பதோடு இதனையும் கேட்போம்: எம்மைப் பற்றி உங்கள் கட்சி என்ன அறிந்துவைத்துள்ளது? அதனை எங்கிருந்து பெற்றீர்கள்? நிறுவனங்களின் விடைத்தாளை வெளியார் திருத்தும் சட்டத்திற்கு நீங்கள் கைதூக்குவீர்களா? ஒரு பட்டியல் தவறான கைகளிற் சேர்ந்தால் என்ன நேரும் என்பதைக் கண்டறிந்த எமக்கு, இவ்வினாக்களை எழுப்பும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.