ஒளியை ஒடுக்கும் உலோகமும் அதற்கான விலையும்

கடல் கடந்து வரும் இணையத் தகவல் ஒளியிழையில் ஒளியாகவே பயணிக்கின்றது. ஆனால் கணினிக்குள் நுழைந்ததும் அது மின்னாக மாறிச் செப்புப் பாதைகளில் ஓடத் தொடங்குகின்றது. வேகம் கூடக்கூட இப்பாதைகள் வெப்பமடைவதுடன் மின்சக்தியையும் பெருமளவில் விழுங்குகின்றன. அவ்வாறாயின், கணினிச் சில்லுக்குள்ளும் ஒளியையே ஓடவிட்டால் என்ன?

இதற்குத் தடையாக இருப்பது ஒளியின் பருமனாகும். தொலைத்தொடர்புக்குப் பயன்படும் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 1,550 நனோமீற்றர். சிலிக்கனுக்குள் அது குறுகினாலும் சில நூறு நனோமீற்றருக்குக் கீழே அதனை அடக்குவது கடினம். இன்றைய திரான்சிஸ்டர்களோ அதனிலும் பன்மடங்கு சிறியவை.

இவ்வெல்லையைத் தாண்டும் வழியை உலோகங்களே காட்டுகின்றன. தங்கம், வெள்ளி போன்றவற்றின் மேற்பரப்பில் உள்ள இலத்திரன்கள், பொருத்தமான முறையில் ஒளி செலுத்தப்படும்போது ஒருசேர அலைவுறுகின்றன. ஒளியும் இலத்திரன் அலையும் இணைந்து நகரும் இந்நிலையே மேற்பரப்பு பிளாஸ்மொன் எனப்படுகின்றது. இத்தகைய அலைவுகளை அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரூபஸ் ரிச்சி 1957 இல் கணித்துக் கூறியிருந்தார். இரு உலோகச் சுவர்களுக்கிடையில் சில பத்து நனோமீற்றர் இடைவெளி இருந்தால் போதும். அதுவே ஒளியைக் கொண்டு செல்லும் அலைநடத்தியாகிவிடும். தங்கத்தில் செதுக்கிய நுண்ணிய பள்ளங்களின் வழியே ஒளியைச் செலுத்தி, அதனைப் பிரிக்கவும் இணைக்கவும் முடியும் என்பதை டென்மார்க், பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2006 இல் செய்து காட்டினர்.

எனினும் இதற்கொரு விலை உண்டு. ஒளியை ஒடுக்கும் அதே உலோகம் அதனை வெப்பமாக்கி விழுங்கியும் விடுகின்றது. எவ்வளவு இறுக்கமாக ஒடுக்குகின்றோமோ, அவ்வளவு விரைவில் சமிக்ஞை மங்கிவிடும். ஒளியிழையில் பல கிலோமீற்றர் செல்லும் ஒளி, மிகக் குறுகிய உலோக இடைவெளியில் சில பத்து மைக்ரோமீற்றர் தூரத்துக்குள்ளேயே தேய்ந்துவிடுகின்றது.

ஆகவே, சுற்று முழுவதையும் உலோக அலைநடத்திகளால் அமைக்க முனைவது வீண்முயற்சியே. தூரப் பயணத்தைச் சிலிக்கனிடம் ஒப்படைத்துவிட்டு, ஒளியைக் கட்டுப்படுத்த வேண்டிய இடத்தில் மட்டும் உலோகத்தைப் பயன்படுத்துவதே அறிவுடைமையாகும். சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட சாதனம் இதற்குச் சான்று. மின் சமிக்ஞையை ஒளியில் பதிக்கும் அதன் நீளம் சுமார் 10 மைக்ரோமீற்றர் மட்டுமே. வழமையான சிலிக்கன் சாதனங்களுக்கு இதற்கு மில்லிமீற்றர் அளவு நீளம் தேவைப்படுகின்றது. பாதை குறுகியதாக இருந்தமையாலேயே இழப்பும் தாங்கக்கூடியதாயிற்று.

மின்னை ஒளி முற்றாக வெளியேற்றிவிடும் என்ற ஆரவாரப் பேச்சுகளை நாம் நம்பிவிடத் தேவையில்லை. எங்கே ஒளி, எங்கே மின், எங்கே உலோகம் எனப் பகுத்தறிந்து வடிவமைப்பதிலேயே இத்துறையின் எதிர்காலம் தங்கியுள்ளது.