கரண்ட் பில் பாக்கியைத் தவணையில் கட்ட விடவில்லையா? ஃபியூஸ் பிடுங்கும் முன் செய்ய வேண்டியவை

பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கும்போது விவசாயிக்கு ஏது கரண்ட் பில் பாக்கி என்று நகரத்துக்காரர்கள் கேட்பார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பயிரைப் பற்றிப் பேச வரும் விவசாயிகள், பேச்சு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பாக்கி வருவது வீட்டு சர்வீஸில், தென்னை நார் ஷெட்டில், மாவு மில்லில், கோழிப் பண்ணையில். சில சமயம் இலவச சர்வீஸிலேயே வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாக்கியை மூன்று நான்கு தவணையாகக் கட்டுகிறேன் என்று போய்க் கேட்டால், "முழுசா கட்டுங்க, இல்லேன்னா ஃபியூஸைப் பிடுங்கிடுவோம்" என்று பதில் வருகிறது. இங்கிலாந்தில் மின் நிறுவனம் வாடிக்கையாளரின் கட்டும் சக்தியைப் பார்த்துத்தான் தவணை போட வேண்டும் என்று உரிம நிபந்தனையே இருக்கிறது. நமது மின்சாரச் சட்டம் 2003-ல் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. தவணை என்பது அதிகாரி மனம் வைத்தால் கிடைப்பது. அதனால் வாயால் கெஞ்சிவிட்டுத் திரும்பி வருவதில் பயனில்லை. சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் பிடி வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். பில் சரிதான், கையில் பணம் இல்லையா? அல்லது பில்லே தவறா? இரண்டுக்கும் வழி வேறு. பல பேர் பில் தவறாக இருக்கும்போதும் "பணமில்லை சார்" என்றே மனு எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் தொகையை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பில் தவறு என்றால்

கணக்கீட்டு அட்டையில் கடைசி ஆறு பதிவுகளைப் பாருங்கள். ரீடிங் எடுக்கத் தாமதமானால் வீட்டு இணைப்பில் தொகை எகிறும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தெரியும். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும். கணக்கீட்டாளர் பத்து நாள் பிந்தி வந்ததாலேயே 480 யூனிட் 560 ஆகியிருக்கலாம். மீட்டர் பழுதான காலத்துக்குப் போட்ட சராசரியும் அடிக்கடி தவறுகிறது.

இப்படிப்பட்ட தகராறில் உங்களைக் காப்பது சட்டத்தின் 56-வது பிரிவு. கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதம் நீங்கள் கட்டிய சராசரிப்படி ஒவ்வொரு மாதத்துக்கும் வரும் தொகையையோ, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபனையுடன் செலுத்திவிட்டால், தகராறு தீரும் வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். இரண்டு மாத பில் 18,400 ரூபாய் வந்திருக்கிறது. முந்தைய ஆறு மாதத்தில் மூன்று பில்லாகக் கட்டியது 2,700 ரூபாய். மாதச் சராசரி 450. இரண்டு மாதத்துக்கு 900 ரூபாயை "ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துக் கட்ட முன்வாருங்கள். கவுண்டரில் வாங்க மறுத்தால், அந்த மறுப்பையே குறிப்பிட்டு உதவி மின் பொறியாளருக்கும் செயற்பொறியாளருக்கும் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தபால் செலவுக்குத் தயங்காதீர்கள். பின்னால் எந்த மன்றத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.

நாள் கணக்கு முக்கியம். துண்டிப்புக்கு முன் 15 முழு நாள் நோட்டீஸ் வேண்டும் என்கிறது சட்டம். அதற்காகத் தனி நோட்டீஸ் வீடு தேடி வரும் என்று இருந்துவிடாதீர்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்தே நாள் எண்ணுங்கள்.

எப்போதோ உள்ள பாக்கி திடீரென்று முளைத்தால் 56(2)-ஐக் காட்டிக் கேளுங்கள். முதலில் கட்ட வேண்டியதான நாளிலிருந்து 2 ஆண்டு கடந்த தொகை, தொடர்ந்து பாக்கியாகக் காட்டப்பட்டிருந்தால்தான் வசூலிக்க முடியும். ஆனால் பழைய கணக்குப் பிழையைப் பிந்திக் கண்டுபிடித்துப் போடும் பில்லை நீதிமன்றங்கள் வேறு விதமாகப் பார்த்திருக்கின்றன. எனவே இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

பில் சரி, பணம் இல்லை என்றால்

இங்கே 56-வது பிரிவு உதவாது. கையில் உள்ளதை முதல் தவணையாகக் காட்டி, மீதி எந்த மாதம் எந்த வருமானத்தில் வரும் என்று எழுதுங்கள். "தேங்காய் வெட்டு 45 நாளில்", "பருத்தி எடுப்பு மாசியில்" என்று தேதியோடு எழுதிய மனு நிற்கும். "கருணை காட்டவும்" என்பது நிற்காது. செயற்பொறியாளர் மறுத்தால், மேற்பார்வைப் பொறியாளர் நடத்தும் மாதாந்திர மின் நுகர்வோர் குறைதீர் கூட்டத்திலும், ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாளிலும் அதே மனுவின் நகலைக் கொடுங்கள்.

அதற்கும் மேல், சட்டத்தின் 42-வது பிரிவுப்படி ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு. அங்கே தீராவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மன்றத்தில் துறை அதிகாரியும் உட்கார்ந்திருக்கிறாரே, நமக்கு நியாயம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். ஞாயமான சந்தேகம்தான். ஆனால் அங்கே போகாமல் குறைதீர்ப்பாளரிடம் நேரே போக முடியாது.

நம் பகுதிக்கு ஒரு வசதி இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். மின்சார விநியோகத்தை 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டம் பொதுப் பயன்பாட்டுச் சேவையாகச் சேர்த்திருப்பதால், வழக்குக்கு முன்பே சமரசம் பேசி வைக்க அங்கே மனு கொடுக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100-க்கு அழைத்துக் கேட்கலாம்.

இலவச சர்வீஸில் வரும் பெரிய பில்

தோட்டத்து மோட்டார் லைனிலிருந்து வீடு கட்டவோ, செங்கல் சூளைக்கோ, தண்ணீர் விற்கவோ கரண்ட் எடுத்தால் 126-வது பிரிவு வந்துவிடும். அப்போது இருமடங்கு கட்டணம் போடுவார்கள். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால், சோதனை நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் போடலாம். இதற்குக் குறைதீர்க்கும் மன்றம் போக முடியாது. தற்காலிக மதிப்பீட்டு ஆணை கைக்கு வந்ததும் ஆட்சேபனையை எழுத்தில் கொடுங்கள். இறுதி ஆணைக்குப் பிறகு 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் பாதித் தொகையை முன்கட்ட வேண்டும். ஆட்சேபனை கொடுக்காமல் விட்டவர்கள்தான் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த இலவச மின்சாரம் சும்மா வந்ததல்ல. 1970-ல் பெருமாநல்லூரில் மின் கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து மூவர் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் போராட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் ஆனது. இன்று ஒரு சின்ன வயர் இழுப்பில் அதை இழப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கடைசியாக, கிணற்றோடு தோட்டம் வாங்குபவர்களுக்கு ஒன்று. பழைய உரிமையாளரின் மின் பாக்கியைப் புதியவரிடம் கேட்க விதிகள் இடம் தரலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கிரயத்துக்கு முன் சர்வீஸ் எண்ணைக் கொடுத்து, பாக்கி இல்லை என்று மின் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு சந்தேகங்களுக்கு மின்னகம் 94987 94987 எண்ணில் புகாரைப் பதிவு செய்து, கிடைக்கும் பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.