கார்ப்பெட்டில் பூனை, நாய் அசுத்தம் செய்துவிட்டதா? தூக்கி எறியும் முன் ஒரு நிமிடம்!

தீபாவளி நெருங்கும்போது புதுத் திரைச்சீலை, புது மெத்தை உறை, வரவேற்பறைக்கு ஒரு கார்ப்பெட் என்று வாங்கிப் போடுவது நம்மவர் வீடுகளில் வழக்கம். பூனையோ நாயோ வளரும் வீடாக இருந்தால், அந்தக் கார்ப்பெட் புதிதாக இருப்பது சில வாரங்கள்தான். ஒரு மூலையில் ஈரம், மறுநாள் நாற்றம், ஓரத்தில் பிறாண்டல். பிறகு வீட்டில் பேச்சு இரண்டில் ஒன்றாகத்தான் முடிகிறது. ஒன்று, கார்ப்பெட்டைச் சுருட்டிக் குப்பைத் தொட்டி ஓரத்தில் வைப்பது. அல்லது பூனையைக் கூடையில் போட்டுச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவது.

பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை. மளிகைக் கடையிலும் மருந்தகத்திலும் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே பல கார்ப்பெட்டுகளைக் காப்பாற்றிவிடலாம். ஆனால், எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். தவறான பொருளை ஊற்றினால் கார்ப்பெட் கெடுவதோடு, வீட்டிலுள்ளவர்களின் உடல்நலத்துக்கும் கேடு வரலாம்.

நாற்றம் மேலே இல்லை, அடியில் இருக்கிறது

மேலே துடைத்தாகிவிட்டது, கறையும் தெரியவில்லை. ஆனாலும் மழை பெய்தால் நாற்றம் கிளம்புகிறது. பலர் வீட்டில் நடப்பது இதுதான். சிறுநீர் கார்ப்பெட்டின் மேல் இழையில் தங்குவதில்லை. கீழே இறங்கி, அடித்துணியில் பரவுகிறது. மேலே உள்ளங்கை அளவு தெரியும் கறை, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கலாம்.

சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அமோனியா உண்டாகிறது. மூக்கைத் துளைக்கும் அந்தக் காரமான வாடை அதுதான். பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற பொருளும் உண்டு. அது சிதையும்போது கந்தகம் கலந்த வாடை வரும். குடும்பக் கட்டுப்பாடு செய்யாத ஆண் பூனையிடம் இது அதிகம் என்பதால்தான் அதன் வாடை அவ்வளவு கடுமையாக இருக்கிறது. காய்ந்தபின் அடியில் தங்கும் உப்பும் கழிவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடியும் வாடையைக் கிளப்பிவிடும். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும் மலேசியாவில் இந்தத் தொல்லை கூடுதல்.

ஆகவே, வாசனைத் தெளிப்பான் அடிப்பது பயன் தராது. அடியில் உள்ளதை வெளியே எடுப்பதுதான் வழி.

முதல் பத்து நிமிடம்

ஈரமாக இருக்கும்போதே கவனித்தால் பாதி வேலை முடிந்தது. செய்ய வேண்டியவை இவை:

1. தேய்க்கக் கூடாது; ஒற்றி எடுக்க வேண்டும். பழைய துண்டையோ கைலியையோ பல மடிப்பாக மடித்து ஈரத்தின்மீது வைத்து, அதன்மேல் ஏறி நிற்கலாம். துணி நனைந்ததும் காய்ந்த பக்கத்தை மாற்றிப் போட வேண்டும். தேய்த்தால் ஈரம் இன்னும் ஆழமாக இறங்கும், இழையும் சிதைந்துவிடும். வெளிர் நிறக் கார்ப்பெட்டில் நாளிதழைப் போட்டு ஒற்றினால் அச்சு மை இறங்கக்கூடும்.

2. ஈரம் வருவது நின்றதும் குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றி மறுபடியும் ஒற்ற வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் உப்பின் பெரும்பகுதி வந்துவிடும்.

3. வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து தெளித்து, பத்து நிமிடம் விட்டு ஒற்ற வேண்டும். அமோனியா காரத்தன்மை உடையது. வினிகரின் புளிப்பு அதை மட்டுப்படுத்தும். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும்.

4. ஓரளவு காய்ந்தபின் ஆப்பசோடாவை மெல்லிய படலமாகத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் வெற்றிட உறிஞ்சியாலோ துடைப்பத்தாலோ எடுத்துவிடலாம். அதுவரை பூனையும் நாயும் அதை நக்காதபடி அறைக் கதவைச் சாத்தி வைப்பது நல்லது.

மலமோ வாந்தியோ என்றால், கையுறை போட்டுக்கொண்டு பழைய கரண்டியால் ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி வழித்தெடுக்க வேண்டும். அதன்பிறகு மேற்சொன்ன வரிசையே போதும்.

எந்தக் கலவையாக இருந்தாலும், முதலில் நாற்காலிக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரு மூலையில் சில துளி விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்க வேண்டும். துணியில் சாயம் ஒட்டினால் அந்தக் கலவையை விட்டுவிட வேண்டும்.

பழைய கறைக்கு என்ன செய்வது?

எங்கே இருக்கிறது என்றே தெரியாத பழைய கறையைக் கண்டுபிடிக்க, கள்ளநோட்டைச் சோதிக்கும் ஊதாக்கதிர் டார்ச் உதவும். கருவிக் கடைகளிலும் இணையச் சந்தையிலும் மலிவாகக் கிடைக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பார்த்தால், சிறுநீர் பட்ட இடம் மங்கிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். சவர்க்காரம் தங்கிய இடமும் ஒளிரலாம் என்பதால் முகர்ந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். சுண்ணாம்புக் கட்டியால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டால் காலையில் வேலை எளிது.

பழைய கறைக்கு ஏற்றது என்சைம் கலந்த துப்புரவுத் திரவம். வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். இந்த வேலையில் சற்றுச் செலவு வைக்கும் பொருள் இது ஒன்றுதான். பலர் இதை மேலாகத் தெளித்துத் துடைத்துவிட்டு, பயனில்லை என்கிறார்கள். என்சைம் வேலை செய்ய ஈரமும் நேரமும் வேண்டும். சிறுநீர் இறங்கிய ஆழத்துக்குத் திரவமும் இறங்க வேண்டும். கறையைவிட அகலமாக ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி, புட்டியில் குறிப்பிட்ட நேரம் வரை காயாமல் வைத்திருக்க வேண்டும். முன்பு போட்ட வினிகர், சவர்க்காரம் போன்றவை என்சைமைக் கெடுக்கும். ஆகையால், முதலில் வெறும் தண்ணீரால் அலசி ஒற்றியபிறகே இதை ஊற்ற வேண்டும்.

வாடை போயும் மஞ்சள் கறை போகவில்லை என்றால், மருந்தகத்தில் விற்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒரு கோப்பையுடன், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி கலந்து தடவி, பத்து நிமிடத்தில் ஒற்றி, தண்ணீரால் அலசி எடுக்கலாம். இது நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் கம்பளி, பட்டு, அடர்நிறக் கார்ப்பெட்டுகளுக்கு வேண்டாம். மீதமான கலவையைப் புட்டியில் அடைத்து வைக்கக் கூடாது. வாயு சேர்ந்து வெடிக்கும். வினிகரையும் பெராக்ஸைடையும் ஒரே பாத்திரத்தில் கலப்பதும் ஆபத்து.

கார்ப்பெட் எந்த நூலால் ஆனது என்று தெரியாவிட்டால், ஓரத்தில் ஒரு இழையை வெட்டி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டலாம். முடி கருகும் வாடை வந்தால் கம்பளி. உருகி மணிபோல் கெட்டியானால் செயற்கை இழை. மலிவு விலைக் கார்ப்பெட்டுகளில் பெரும்பாலானவை செயற்கை இழைதான். அவை தண்ணீரைத் தாங்கும்.

செய்யவே கூடாதவை

வெளுப்பான்: வீட்டில் பொதுவாக குளோராக்ஸ் என்று சொல்லப்படும் குளோரின் வெளுப்பானைச் சிறுநீர்மீது ஊற்றினால், அமோனியாவுடன் சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயு உண்டாகும். கண் எரியும், மூச்சு முட்டும். காற்றோட்டம் இல்லாத அடுக்குமாடி வீட்டில், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய ஆபத்து. வெளுப்பானை வினிகருடன் கலந்தால் குளோரின் வாயுவே வெளிவரும்.

வெந்நீரும் நீராவியும்: சூடு பட்டால் கறையும் வாடையும் இழையில் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்கட்டும்.

அமோனியா கலந்த துப்புரவுத் திரவம்: அதன் வாடை சிறுநீரைப் போன்றது. பூனை அந்த இடத்தைத் தன் கழிப்பிடமாக நினைத்துத் திரும்பி வரும்.

அந்துருண்டை, கற்பூரம்: வாடையை மறைக்கக் கார்ப்பெட்டுக்கு அடியில் இவற்றை வைப்பவர்கள் உண்டு. இரண்டுமே பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொண்டாலும் ஆபத்து. தண்ணீரில் விட்டால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகளும் பூனைக்கு ஆகாது. பாதத்தில் ஒட்டியதை அது நக்கிவிடும்.

காயாவிட்டால் எல்லாம் வீண்

கழுவிய கார்ப்பெட் ஒன்றிரண்டு நாளுக்குள் முழுமையாகக் காய வேண்டும். இல்லையென்றால் பூசணம் பிடித்து, வேறொரு நாற்றம் தொடங்கும். தீபாவளிக் காலமான அக்டோபர், நவம்பரில் மாலை மழை வழக்கம் என்பதால் காலையிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. வெயிலில் போட முடியாத அடுக்குமாடி வீட்டில், இரண்டு நாற்காலிகளின்மேல் கார்ப்பெட்டைத் தூக்கிப் போட்டு, அடிப்பக்கமும் காற்றுப் படும்படி மின்விசிறியை வைக்க வேண்டும். அடித்துணியில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்து, குளிர்ச்சி தெரியாதபோதுதான் காய்ந்துவிட்டது என்று பொருள்.

தரையையும் மறக்கக் கூடாது. தோட்டத்து வீடுகளின் சிமெண்டுத் தரை சிறுநீரை உறிஞ்சிவிடும். தரையில் ரப்பர் பாய் விரித்திருந்தால் அதன் அடியிலும் ஈரம் தேங்கியிருக்கும். பாயைத் தூக்கித் தரையைக் கழுவிக் காய வைக்காமல் கார்ப்பெட்டை மறுபடி விரித்தால், அடுத்த மழைக்கே வாடை திரும்பும்.

பிறாண்டலும் கிழிசலும்

இழுபட்டு நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கையால் இழுக்கக் கூடாது. ஒன்றை இழுத்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும். கத்தரிக்கோலால் மற்ற இழைகளின் உயரத்துக்கு நறுக்கிவிட்டால் போதும்.

சிறிய ஓட்டைக்கு ஒட்டுப் போடலாம். சேதமான இடத்தைக் கூரிய கத்தியால் சதுரமாக வெட்டி எடுத்து, சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியிலிருந்து அதே அளவு துண்டை வெட்டி, இழை சாயும் திசை மாறாமல் பொருத்தி, அடியில் இருபக்கமும் ஒட்டும் கார்ப்பெட் நாடாவை ஒட்ட வேண்டும். பிரிந்துபோன ஓரத்தைக் கெட்டி நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைத்துவிடலாம்.

சேதம் ஒரு பக்கத்தில் மட்டும் அதிகம் என்றால், நல்ல பகுதியை வெட்டி, ஓரம் தைத்து, கட்டிலோரமோ சாமி அறை முன்போ போடும் சிறிய விரிப்பாக்கிக்கொள்ளலாம்.

எதை விட்டுவிடலாம்?

அடித்துணி மக்கி உதிர்ந்தாலோ, கருப்புப் பூசணம் பரவியிருந்தாலோ அதற்குமேல் செலவு செய்ய வேண்டாம். அடியில் போட்டிருக்கும் ஸ்பாஞ்சு மட்டும் நாறினால், அதை மட்டும் மாற்றினால் போதும். துப்புரவு நிறுவனத்தை அழைக்க நினைப்பவர்கள், அடித்துணி வரை கழுவுவார்களா, மேல் இழையை மட்டும் கழுவுவார்களா என்று முதலில் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் கட்டணம் அதே அளவுள்ள புதுக் கார்ப்பெட்டின் விலையை நெருங்கினால், அந்தப் பணத்தில் எளிதில் துவைக்கக்கூடிய சிறிய விரிப்புகளை வாங்குவதே மேல்.

பிராணி ஏன் அப்படிச் செய்கிறது?

கார்ப்பெட்டைக் கழுவியபின்னும் அதே இடத்தில் அசுத்தம் தொடர்ந்தால், கவனிக்க வேண்டியது பூனையையோ நாயையோதான். பழகிய பிராணி திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால், அது கோபமோ திமிரோ அல்ல. சிறுநீர்ப்பைக் கோளாறு, சிறுநீரக நோய், நீரிழிவு ஆகியவற்றின் முதல் அறிகுறியே அதுவாக இருக்கலாம். ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், அடைப்பு ஏற்பட்டிருக்கக்கூடும். ஓரிரு நாளில் உயிரே போய்விடும் நிலை அது. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தனியார் கிளினிக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

உடல் நலமாக இருந்தால், பழக்கத்தை மாற்றுவது எளிது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மணல் தட்டுகள் வைத்து, அன்றாடம் சுத்தம் செய்ய வேண்டும். சுவரோரம் பீய்ச்சும் ஆண் பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தால் பெரும்பாலும் அது நின்றுவிடும். நாய்க்குட்டியைத் தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே அழைத்துப்போக வேண்டும். மூக்கைச் சிறுநீரில் தேய்த்து அடிப்பதால் அது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: ஆள் பார்க்காத இடத்தில், சோபாவுக்குப் பின்னால் போய்ச் செய்வது.

ஒரு துண்டு, ஒரு புட்டி வினிகர், ஒரு பொட்டலம் ஆப்பசோடா. இந்த மூன்றையும் சமையலறை அலமாரியில் தயாராக வைத்திருக்கும் வீட்டில், கார்ப்பெட்டையோ பூனையையோ வெளியே தள்ள வேண்டிய நிலை அவ்வளவு எளிதில் வராது.