சீமை அத்தி எங்கே? மங்குஸ்தான் எங்கே?



"அத்திப்பழம் நல்ல விலைக்குப் போகுதாமே அண்ணாச்சி, நம்ம தோப்பிலயும் ஒரு ஏக்கர் போட்டுப் பார்க்கலாமா?" தென்காசி, குற்றாலம் பக்கத்து விவசாயிகள் மனதில் இப்படி ஒரு எண்ணம் ஓடுகிறது. சிலர் மங்குஸ்தான், ரம்புத்தான் என்றும் யோசிக்கிறார்கள். பழமரம் என்பது நெல், உளுந்து மாதிரி இல்லை. நெல் தவறினால் அடுத்த பூவில் சரி செய்யலாம். மரம் தவறினால் பல வருஷம் போன பிறகுதான் தெரியும். அதனால் நடுவதற்கு முன்னாலேயே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். உங்க நிலத்தில் சாரல் எத்தனை நாள் விழுகிறது என்பதுதான் அது.

ஒரே மாவட்டம், இரண்டு சீமை

2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியில் மேற்கும் கிழக்கும் ஒன்றுபோல இல்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று, ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் குற்றாலம், செங்கோட்டை, பண்பொழி, மேக்கரைப் பக்கம் சாரலைக் கொட்டுகிறது. அதே காற்று கிழக்கே பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் போய்ச் சேரும்போது ஈரம் குறைந்து வெறும் காற்றாக வீசுகிறது. அங்கே ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. மேற்கே செழிக்கிற மரம் கிழக்கே வாடும். கிழக்கே இனிக்கிற பழம் மேற்கே புளிக்கும்.

அத்திக்கு மழை ஏன் ஆகாது?

அத்தி பூத்தாற்போல என்று சொல்லுவோம். உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை. அதன் பூக்கள் எல்லாம் காய்க்குள்ளேயே இருக்கின்றன. காயின் அடியில் சின்னக் கண் மாதிரி ஒரு துவாரம் உண்டு. நாட்டு அத்தியில் அந்தத் துவாரம் வழியாகச் சிறு குளவிகள் உள்ளே போய் மகரந்தம் சேர்க்கின்றன. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்ற பழமொழி அதனால் வந்ததுதான். நாம் வியாபாரத்துக்கு நடுகிற பூனா அத்தி, டயானா போன்ற சீமை அத்திகளுக்கு இந்தக் குளவி தேவையில்லை. மகரந்தம் சேராமலே பழுக்கும்.

ஆனால் பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் அதே கண் வழியாக ஈரம் உள்ளே போகும். மெல்லிய தோல் வெடிக்கும். உள்ளே புளித்து, ஈயும் வண்டும் மொய்க்கும். மங்குஸ்தானுக்குத் தடித்த ஓடு இருக்கிறது, ரம்புத்தானுக்கு முள்முடித் தோல் இருக்கிறது. அதனால்தான் சீசன் நாளில் அவை சாரலில் நனைந்துகொண்டே குற்றாலக் கடைகளில் விற்பனைக்கு இருக்கின்றன. அத்திக்கு அந்தக் குடை இல்லை.

கவாத்து நாள்தான் கணக்கு

அப்படியானால் அத்தி வேண்டாமா? வேண்டும், ஆனால் பழம் எப்போது பழுக்க வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அத்தி புதுத் தளிரில் காய்க்கிற மரம். கவாத்து செய்ததிலிருந்து பழம் வர நான்கு முதல் ஐந்து மாதம் ஆகும். பூனாப் பக்கத்து விவசாயிகள் மழைக்காலப் பழத்தைப் புளிப்புப் பருவம் என்றும், கோடைப் பழத்தை இனிப்புப் பருவம் என்றும் பிரித்தே பேசுகிறார்கள். இனிப்புப் பருவத்தைத்தான் பெரிதாக நம்புகிறார்கள்.

நமக்கும் அதே கணக்குத்தான். கார்த்திகைக் கடைசியில் பெருமழை ஓய்ந்ததும் கவாத்து செய்யுங்கள். சித்திரையிலும் வைகாசி முற்பாதியிலும் பழம் பறித்துவிடலாம். சாரல் வருவதற்குள் வேலை முடிந்துவிடும். சோம்பி இருந்து பங்குனியில் வெட்டினால், பழம் ஆடிச் சாரலில் வந்து மாட்டிக்கொள்ளும். கவாத்து செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அத்திப்பால் தோலைப் புண்ணாக்கும்.

நடுவதும் காப்பதும்

இரண்டடிக் குழி, 15 அடி இடைவெளி, தண்ணீர் தேங்காத நிலம். இவ்வளவும் இருந்தால் வேர்விட்ட குச்சியை நடலாம். வேர்முடிச்சு நூற்புழு உள்ள நிலமானால், நாட்டு அத்தி மேல் ஒட்டிய கன்று நல்லது. காய் பருக்கும்போது சீராகத் தண்ணீர் விடுங்கள். நிலத்தைக் காயப்போட்டுவிட்டுத் திடீரென்று பாய்ச்சினால் பழம் வெடிக்கும்.

ஈரக்காற்றில் இலையின் அடியில் துருப்பொடி மாதிரி நோய் வரும், இலை கொட்டும். கொட்டிய சருகைச் சேர்த்து எரித்துவிடுங்கள். பிறகு ஒரு சதவிகித போர்டோ கலவை தெளியுங்கள். மயில்துத்தம் ஒரு கிலோவை 50 லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரையுங்கள். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம்தான் வேண்டும், இரும்பு ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். தீட்டிய அரிவாளை ஒரு நிமிஷம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிடுங்கள். பழம் பழுக்க ஆரம்பித்த பிறகு தெளிக்க வேண்டாம்.

அடிமரத்தில் மரத்தூள் தெரிந்தால் துளைப்பான் புழு இருக்கிறது என்று அர்த்தம். கம்பியை விட்டுக் குத்திக் கொன்று, துவாரத்தைக் களிமண்ணால் அடையுங்கள்.

மலையடிவாரத்துக்கு எது?

குற்றாலத்து ஓரத்தில் நிலம் உள்ளவர்களுக்கு மங்குஸ்தான், ரம்புத்தான் பொருத்தம். மங்குஸ்தான் விதைக் கன்றே தாய் மரத்தைப் போலக் காய்க்கும். ஆனால் விதையை உலரவிடாமல் உடனே போட வேண்டும். முதல் சில வருஷம் நிழல் தேவை. காய்க்க ஏழு முதல் பத்து வருஷம் ஆகலாம், அதுவரை இடையில் வாழை போட்டுக்கொள்ளுங்கள். ரம்புத்தானை மட்டும் விதையில் நடாதீர்கள். விதைக் கன்று ஆண் மரமாகப் போனால் காயே இருக்காது. ஒட்டுக்கன்றுதான் சரி.

கடைசியாக விற்பனை. அத்தியைக் காயாகப் பறித்து வைத்தால் பழுக்காது. மரத்திலேயே பழுத்ததைப் பறித்தால் இரண்டு நாள் தாங்குவதே பெரிசு. அது பழுக்கிற சித்திரையில் குற்றாலத்தில் அருவிக் கூட்டமும் இருக்காது. அதனால் வாங்குகிறவரை முதலில் பேசி வையுங்கள். மிஞ்சியதைச் சித்திரை வெயிலில் உலர்த்தலாம். எடுத்தவுடன் ஏக்கர் கணக்கில் போகாமல், பத்து மரம் வைத்து இரண்டு கோடை பார்த்துவிட்டு அப்புறம் பெருக்குங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நிலத்தைச் சொல்லி யோசனை கேளுங்கள்.