பழைய ஜிப்ஸிக்குப் பொருத்தமான பேக்கிங்

மாருதி ஜிப்ஸி 1985-இல் 970 சிசி என்ஜினோடு விற்பனைக்கு வந்தது. 1996-இல் வந்த ஜிப்ஸி கிங்கின் என்ஜின் 1298 சிசி. இரண்டுக்கும் பெட்ரோலை ஊட்டியது கார்புரேட்டர்தான். 2000 வாக்கில் எம்பிஎஃப்ஐ என்னும் எரிபொருள் தெளிப்பு முறை வந்ததும் அது விடைபெற்றது. ஆகவே, இன்றைக்கு கார்புரேட்டரோடு மலையேறும் எந்த ஜிப்ஸிக்கும் வயது ஏறக்குறைய கால் நூற்றாண்டு, அல்லது அதற்கும் மேல். என்ஜின் திடமாக இருந்தும் இந்த வண்டிகள் ஷெட்டில் முடங்குவதற்கு, கார்புரேட்டருக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு மெல்லிய பேக்கிங்கே காரணமாகிவிடுவதுண்டு. அதை வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொல்லி வாங்கினால் போதாது. என்ஜினையும் கார்புரேட்டரையும் பார்த்து, பழையதை அளந்துதான் வாங்க வேண்டும்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்துக் கலந்து அனுப்புவது கார்புரேட்டரின் வேலை. பேக்கிங் காய்ந்து விரிசல் விட்டால், கணக்கில் வராத காற்று பக்கவாட்டில் புகுந்துவிடும். ஐடிலில் த்ராட்டில் மூடியிருப்பதால் மேனிஃபோல்டின் உறிஞ்சல் அப்போது மிக அதிகம். அதனால் தொல்லையும் அப்போதுதான் தெரியும். ஐடில் ஏறி இறங்கும், சூடானதும் வண்டி நின்றுபோகும், வேகமெடுத்தால் சரியானதுபோல் தோன்றும். பலரும் இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று எண்ணி ஸ்குரூக்களைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு முன்பு, என்ஜின் ஓடும்போது பேக்கிங்கின் விளிம்பில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். என்ஜின் சத்தம் மாறினால் காற்று புகும் இடம் அதுதான்.

பெயர் ஏன் போதாது? இத்தனை வருடங்களில் பல வண்டிகள் கைமாறியிருக்கும், கார்புரேட்டரும் மாறியிருக்கலாம். கடைக்காரர் வருடத்தைப் பார்த்து எடுத்துத் தரும் பேக்கிங், இப்போது மாட்டியிருக்கும் கார்புரேட்டருக்குப் பொருந்தாமல் போகலாம். எனவே என்ஜின் எண்ணையும், கார்புரேட்டரில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி, நடுத்துளையின் விட்டம், தடிமன் ஆகியவற்றை அளந்துகொள்ளுங்கள். கடையில் பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரிய துளைகள் பொருந்தினால் மட்டும் போதாது. வேக்குவத்துக்கான ஊசித்துளை ஒன்று அடைபட்டாலும் கார்புரேட்டர் சரியாக வேலை செய்யாது. சென்னை ஜி.பி. ரோட்டில் புதிய பாகங்களும் புதுப்பேட்டையில் பழைய பாகங்களும் கிடைக்கும். ஆனால் கழற்றிய பேக்கிங்கை மறுபடி மாட்டக் கூடாது. புதுப்பேட்டையில் தேட வேண்டியது கார்புரேட்டர் போன்ற பாகங்களைத்தான்.

"ஷீட் வாங்கி வெட்டிக்கொண்டால் ஆகாதா?" என்று கேட்கலாம். தட்டையான பேக்கிங் என்றால் ஆகும். பெட்ரோலைத் தாங்கும் ஜாயின்டிங் ஷீட்டில், அதே தடிமனில், எல்லாத் துளைகளோடும் வெட்ட வேண்டும். கார்புரேட்டருக்குக் கீழே தடித்த இன்சுலேட்டர் இருந்தால் அதற்குப் பதிலாக ஷீட்டை வைக்கக் கூடாது. என்ஜின் சூடு மேலே ஏறி பெட்ரோல் கொதிக்காமல் காப்பது அதுதான். "சிலிக்கான் தடவினால் போதுமே" என்பது இன்னொரு வாதம். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உரிந்துவிடும். பிய்ந்த துணுக்குகள் உள்ளே உறிஞ்சப்படும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்துவிட்ட நிலையில், எத்தனாலையும் தாங்கும் பேக்கிங்தானா என்று கேட்டு வாங்குவது நல்லது. புதியது மாட்டியும் லீக் நிற்காவிட்டால் இன்னொரு பேக்கிங்கை அதன்மேல் அடுக்காதீர்கள். அதிகமாக முறுக்கியதில் அலுமினிய அடிப்பாகம் வளைந்திருக்கலாம். நேரான இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்வாகச் சுரண்டாமல் நனைத்து, முகமூடி அணிந்து எடுங்கள். கார்புரேட்டரை மாற்றச் செலவழிக்கும் முன்பு, பழைய பேக்கிங்கைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்வாருங்கள்.