மாவுப்பூச்சியை ஒழிக்க கடல் தாண்டி வந்த குட்டி குளவி! குச்சிக்கிழங்கு காட்டில் மருந்து அடிக்கும் முன் இதைப் படிங்க

திருநாவலூர்: கரும்பு தோட்டத்தில் சோகைக்கு அடியில் சின்னச்சின்ன அட்டை கட்டி விட்டிருப்பதை திருநாவலூர், உளுந்தூர்பேட்டை பக்கம் பலரும் பார்த்திருப்பீங்க. அதற்குப் பெயர் முட்டை ஒட்டுண்ணி அட்டை. அதில் இருந்து வெளியே வரும் டிரைக்கோகிரம்மா என்ற பொடிக் குளவி, இடைக்கணு புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழித்து விடும். பூச்சியை வைத்தே பூச்சியை ஒழிக்கும் வேலை.

இதே வேலைதான் குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளியிலும் நடக்கிறது. ஆனால் இந்தக் குளவி வந்த தூரம் அதிகம். தென் அமெரிக்காவில் பிறந்து, ஆப்பிரிக்கா போய், பெங்களூரு வழியாக நம்ம பக்கத்து ஏத்தாப்பூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கமும், கல்வராயன் மலையிலும் மரவள்ளியை நம்பித்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. நடவு ஆள், களை எடுக்கிற பெண்கள், கிழங்கு பிடுங்கும் ஆள், லாரியில் லோடு ஏற்றுபவர், ஜவ்வரிசி மில்லில் வேலை பார்ப்பவர் என எல்லோருக்கும் கூலி இந்தக் கிழங்கில் இருந்துதான் வருகிறது. அதனால் காடு உள்ளவர் மட்டும் அல்ல, கூலிக்குப் போகிறவரும் இந்த விஷயத்தைத் தெரிந்து கொள்வது நல்லது.

கொழுந்தைத் தாக்கும் வில்லன்

மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரள மாநிலம் திருச்சூரில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் இந்தப் பூச்சி தெரிய வந்தது அப்போதுதான். அதன் பிறகு தமிழ்நாட்டு மரவள்ளி காடுகளுக்கும் பரவியது.

இது கொழுந்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். உறிஞ்சும்போது எச்சிலை உள்ளே விடும். அதனால் இலை சுருண்டு, கணு குட்டையாகி, நுனி முட்டைக்கோஸ் மாதிரி கொத்தாக நின்று போகும். இலை நன்றாக இருந்தால்தான் கிழங்கில் மாவு ஏறும். மில்லில் மாவுச்சத்து பாயிண்ட் பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? பாயிண்ட் குறைந்தால் கிழங்கு எடை இருந்தும் காசு இல்லை.

இந்தப் பூச்சி பெருக ஆண் பூச்சியே வேண்டாம். ஒரே ஒரு பெண் பூச்சி வந்து சேர்ந்தாலே போதும், நூற்றுக்கணக்கில் முட்டை போட்டு காட்டையே பிடித்து விடும். உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு பூசி இருப்பதால் மருந்து சுலபத்தில் உள்ளே இறங்காது. வெயில் காலத்தில் ஆட்டம் அதிகம். நல்ல மழை அடித்தால் கொஞ்சம் குறையும்.

ஆப்பிரிக்கா பட்ட பாடு

நமக்கு இது புதுசு. ஆனால் ஆப்பிரிக்கா 50 வருஷத்துக்கு முன்பே இதில் மாட்டிக்கொண்டது. 1973-ல் காங்கோ பகுதியில் தலைகாட்டிய மாவுப்பூச்சி நாடு நாடாகப் பரவியது. அங்கே மரவள்ளி என்பது ஜவ்வரிசிக்கு அல்ல, மூன்று வேளை சோற்றுக்கு. கோடிக்கணக்கான ஜனங்கள் பட்டினி கிடக்கும் நிலை வந்தது.

நைஜீரியாவில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் களத்தில் இறங்கியது. சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன் தலைமையில் வேலை தொடங்கியது. மரவள்ளிக்குத் தாய்வீடு தென் அமெரிக்கா. பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்கும், அதை அடக்கும் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடினார்கள்.

முதலில் கிடைத்தது பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த வேறு ஒரு மாவுப்பூச்சி. அதன் எதிரிகளைக் கொண்டு வந்தால் அவை ஆப்பிரிக்கப் பூச்சியைத் தொடவே இல்லை. கடைசியில் 1981-ல் பராகுவே நாட்டில் உண்மையான பூச்சியும் அதைக் கொல்லும் குளவியும் கிடைத்தன. லண்டனில் வைத்துச் சோதித்த பிறகு, அதே வருஷம் நைஜீரியாவில் குளவியை விட்டனர். பிறகு விமானத்தில் இருந்துகூட தூவினார்கள். ஆப்பிரிக்காவில் மரவள்ளி தப்பியது. இதற்காக ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

2008-ல் தாய்லாந்தில் அதே பூச்சி புகுந்தது. அந்த நாடும் 2009-ல் ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டில் இருந்து அதே குளவியை வாங்கித்தான் சமாளித்தது.

ஏத்தாப்பூருக்கு வந்தது எப்படி?

குளவியின் பெயர் அனகைரஸ் லோபெசி. பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் தேசிய வேளாண் பூச்சி வள மையம் 2021-ல் பெனினில் இருந்து இதைக் கொண்டு வந்தது. வந்த உடனே காட்டில் விடவில்லை. தனியாகப் பூட்டி வைத்து, வேறு நல்ல பூச்சிகளைத் தொந்தரவு செய்யுமா என்று சோதித்த பிறகே வெளியே விட்டார்கள்.

2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் குளவி விடும் நிகழ்ச்சி நடந்தது. இந்த நிலையம் கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துடையது. உளுந்தூர்பேட்டையில் இருந்து சேலம் ரோட்டில் போனால் சின்னசேலம், ஆத்தூர் தாண்டி ஏத்தாப்பூர் வந்து விடும். பல்கலைக்கழகம் என்றால் கோவையில் உள்ள பெரிய கட்டடம் மட்டும் இல்லை. கரும்புக்குக் கடலூரில், நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் விருத்தாசலத்தில் என்று நமக்கு எட்டும் தூரத்திலேயே அதன் ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. எல்லாம் அரசுப் பணத்தில் ஓடுபவை. தீப்பெட்டி, சோப்பு வாங்கும்போது நாம் கட்டும் வரியும் அதில் இருக்கிறது. அதனால் அங்கே போய்க் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

ஒரு பூச்சிக்கு ஒரு குளவி

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது பலருக்கு நினைவிருக்கும். பப்பாளி, மல்பெரியோடு மரவள்ளியையும் அது விடவில்லை. 2010-ல் அமெரிக்காவின் போர்ட்டோ ரிகோ தீவில் இருந்து வேறு ஒரு குளவியைக் கொண்டு வந்துதான் அதை அடக்கினார்கள். அந்தக் குளவி இந்தப் புது மாவுப்பூச்சிக்கு உதவாது. வெள்ளையாக ஒட்டி இருப்பது எல்லாம் ஒரே பூச்சி என்று நினைத்தால் ஆப்பிரிக்காவில் நடந்த மாதிரி ஏமாற வேண்டியதுதான். வந்திருப்பது எது என்று தெரிந்தவரிடம் காட்டிக் கேட்பதுதான் முதல் வேலை.

லோபெசி குளவி 2 மில்லிமீட்டர் கூட இருக்காது. மனுஷனைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரியும் புழு பூச்சியைத் தின்றே வளரும். இரண்டு, மூன்று வாரத்தில் கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். பிறகு அதுவே அடுத்த பூச்சியைத் தேடிப் போகும். திரும்பத் திரும்பக் காசு செலவழிக்க வேண்டியது இல்லை.

என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது?

* குளவி விட்ட காட்டில் பூச்சி மருந்து அடிக்காதீங்க. மெழுகு பூசிய மாவுப்பூச்சி தப்பித்துக்கொள்ளும், குளவிதான் முதலில் சாகும். மருந்து காசும் போச்சு, குளவியும் போச்சு. பக்கத்து காட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்க.

* பூச்சி பிடித்த காட்டில் இருந்து நடவுக்கு குச்சி எடுக்கக் கூடாது. ஊர் விட்டு ஊர், மலை விட்டு மலை பூச்சி போவதே பெரும்பாலும் குச்சிக்கட்டு வழியாகத்தான். சொந்தக்காரர் சும்மா கொடுத்தாலும் நுனியையும் கணுவையும் பார்த்துத்தான் வாங்கணும்.

* குளவி இன்னும் வராத காட்டில், பூச்சி தெரிந்த ஆரம்பத்திலேயே நுனியைக் கிள்ளி எரித்து விடணும். வரப்பில் வீசக் கூடாது. இந்த வேலையைச் செய்த பிறகு துணியை உதறிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போவது நல்லது.

* எறும்பு ஏறுதா என்று பாருங்க. மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியை விரட்டும்.

* செத்த மாவுப்பூச்சி பழுப்பு நிறத்தில், ஓட்டை விழுந்து கெட்டியாக இருந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த இலையை எரிக்காமல் விட்டு விடணும்.

மலையில் மானாவாரியாகப் போடுபவருக்கு பத்து மாசக் காத்திருப்பும் வீண் போனால் மிச்சம் கடன்தான். பூச்சியைப் பார்த்த உடனே மருந்துக்கடைக்கு ஓடுவதே வழக்கமாக இருக்கிறது. அதற்கு முன் ஒன்றியத்தில் உள்ள தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒரு நுனியைப் பையில் கட்டி எடுத்துப் போய்க் காட்டுங்க. குளவி கிடைக்குமா, எப்போது விடணும் என்பதை அங்கேயோ ஏத்தாப்பூர் நிலையத்திலோ கேட்கலாம். நேரில் போக முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குப் பேசலாம். காசு இல்லை, தமிழிலேயே பதில் சொல்வார்கள்.